குளியலறை சாஃப்ட்னர்: டிடிஎஸ் மீட்டரை நம்பி மட்டம் தட்டாதீர்கள்

பெங்களூரில் வைட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் போர் தண்ணியிலும் டேங்கரிலும் காலம் தள்ளுகிறவர்களுக்குக் குழாய் வாயில் வெள்ளைப் படிவு புதிதல்ல. மின்சாரம் வேண்டாத, கையாலேயே உப்பு ஏற்றும் 5 லிட்டர் ரெசின் சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கும் சாதனம்) அவர்களுக்கு நல்ல சாமான். கூட வரும் விளம்பரத் தாளைத்தான் நம்பக் கூடாது.

உள்ளே ரெசின் என்று இருப்பவை கடுகைவிடச் சிறிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகள். அவற்றில் சல்ஃபோனேட் என்னும் அணுக்கூட்டங்கள் வலுவான வேதிப்பிணைப்பால் (சகப்பிணைப்பு) இறுகியிருக்கின்றன, எங்கும் போகாது. அவற்றின் எதிர்மின்சுமையை ஒட்டி நிற்கும் சோடியம் அயனி அப்படியில்லை, வெறும் மின் ஈர்ப்புதான். தண்ணியைக் கடினமாக்கும் கால்சியமோ மெக்னீசியமோ ஒன்று இரட்டை மின்சுமையோடு வந்து உட்கார்ந்தால் இரண்டு சோடியம் கிளம்பிவிடும்.

அதனால்தான் டிடிஎஸ் (தண்ணியில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) குறைவதில்லை. 40 கிராம் கால்சியம் போன இடத்தில் 46 கிராம் சோடியம் வருகிறது. மீட்டரோ மின்கடத்தலை மட்டுமே அளக்கிறது. அதைப் பார்த்து ஒற்றை நட்சத்திரம் போடுவது அநியாயம். கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். மென்மையான தண்ணி உடனே நீலமாகும். சிவப்பாக நின்றால் ரெசின் தீர்ந்துவிட்டது.

தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் '1000 லிட்டர்' 250 பிபிஎம் தண்ணிக்கான கணக்கு (அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு). ஒரு லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் உப்பு ஏற்றினால் அது சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 5 லிட்டருக்கு 250 கிராம். உங்கள் தண்ணி 500 பிபிஎம் என்றால் 500 லிட்டர்தான், அதாவது 25 பக்கெட். நாலு பேர் குளிக்கும் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது உப்பு ஏற்ற வேண்டிவரும்.

உப்புக் குடுவை சின்னது, அது ஒரு குறை. கல்லுப்பை அதில் அப்படியே கொட்டினால் பாதி கரையாமல் நிற்கும். முதலில் தண்ணியைக் கீழிருந்து மேலாக விட்டுச் சேற்றை வெளியேற்றுங்கள். 750 கிராம் உப்பை ஏழரை லிட்டர் தண்ணியில் கரைத்து, துணியில் வடிகட்டி, அரை மணி நேரமாவது ஆகும்படி மெல்ல இறக்குங்கள். உப்பிலுள்ள சோடியம் பிடிபட்ட கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும் பரிமாற்றம் மணிக்குள்ளே நடக்கிறது. அயனி ஊறி உள்ளே போய்த் திரும்ப நேரம் வேண்டும். வால்வை முழுக்கத் திறந்து பத்து நிமிஷத்தில் முடித்தால் பாதி உப்பு சாக்கடைக்குத்தான். பிறகு உப்புக் கரிப்பு போகும்வரை அலசுங்கள்.

தண்ணியில் இரும்பு இருந்தால் இந்த மாடலே வேண்டாம், அல்லது முன்னால் இரும்பு ஃபில்டர் போடுங்கள். காற்றுப் பட்ட இரும்பு மணிமேல் துருவாகப் படியும். உப்பு அதைக் கழுவாது. டேங்கரில் பிளீச்சிங் பவுடர் தூக்கலாக இருந்தாலும் வம்புதான்: குளோரின் மணியின் சட்டத்தையே அரிக்கும்.

கழிவு உப்புத் தண்ணியை மழைநீர் குழியில் விடாதீர்கள், நிலத்தடி நீர் கெடும். செடிக்கும் ஆகாது. 500 பிபிஎம் தண்ணி வெளிவரும்போது லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக இருக்கும் என்பதால் சமையலுக்கு எடுக்க வேண்டாம். ரத்த அழுத்தக்காரர்கள் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு வழுவழுப்பு போகவில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். கால்சியம் இல்லாததால் சோப்பு திரியவில்லை, அவ்வளவுதான். சோப்பைப் பாதியாகக் குறையுங்கள்.