முகம் பார்த்து மனசைச் சொல்வது: ஆளா, கேமராவா?

வாயோரத்தை மேலே இழுக்கும் தசை நம் பேச்சைக் கேட்கும். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை அவ்வளவு சுலபத்தில் கேட்காது. போட்டோவுக்காகச் சிரிக்கும்போது கண் காட்டிக்கொடுப்பது அதனால்தான். 1862-லேயே பிரெஞ்சு மருத்துவர் துஷேன் இதை எழுதிவிட்டார். 1978-ல் உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முக அசைவுகளுக்கு எண்களே கொடுத்தார்கள். கன்னம் உயர்ந்தால் 6, வாயோரம் உயர்ந்தால் 12.

இந்த எண்களைப் பிடிப்பதில் என் ஓட்டு கேமராவுக்கு, அதாவது அதன் பின்னால் முகத்தைப் படிக்கும் கணினிக்கு. அசராமல் ஒவ்வொரு பிரேமாகப் பார்க்கும். சறுக்கல் அடுத்த படியில்: இந்த அசைவு என்றால் இந்த உணர்ச்சி என்று முடிவு கட்டுவதில். கணினிக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்க ஆய்வாளர்கள் அதிகம் புழங்கிய எஃப்.இ.ஆர்.-2013 படத் தொகுப்பில் 35,887 முகங்கள். ஒவ்வொன்றும் 48-க்கு 48 பிக்சல், கறுப்பு வெள்ளை. உணர்ச்சிச் சொற்களை கூகுளில் போட்டுத் தேடி எடுத்த படங்கள் அவை. 'கோபம்' என்று தேடினால் பல்லைக் கடித்து முறைக்கிறவர்தானே வருவார்? நிஜத்தில், கோபம் வரும்போது ஆட்கள் முறைப்பது சுமார் 30 விழுக்காடு நேரம்தான் என்கிறது உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழு 2019-ல் செய்த மறுஆய்வு. மீதி நேரம் சும்மா இருக்கிறோம், சிலர் சிரிக்கவும் செய்கிறோம்.

மனிதர் பக்கம் வேறு கதை. போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிற அம்மாவுக்கு வெறும் "ம்ம்" போதும். "என்னடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" நேற்றைய "ம்ம்" அவர் காதில் இருக்கிறது, போன மாத வேலைத் தகராறும் தெரியும். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் இந்தத் திறமை செல்லாது. யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி 54 விழுக்காடு. காசைச் சுண்டினாலே 50 வருமே!

உணர்ச்சியை வெளிப்படுத்துவதில் மனிதருக்குப் போட்டியே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கிஸ்மெட் ரோபோ 1990-களின் கடைசியிலேயே புருவம் தூக்கி, காதை மடக்கிக் காட்டியது. அழகான நடிப்பு, அவ்வளவுதான்.

சரி, எதற்கு எது? ஓட்டுநரின் கண் சொக்குகிறதா என்று பார்க்க கேமரா இருக்கட்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பதற்றத்தில் இறுகிய முகம் அங்கே 'ஆர்வமில்லை' என்று பதிவாகிவிடலாம். முகத்தை வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2022-ல் விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் இதைத் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு.