மலையேற்றப் பையில் எதைப் போடுவது: கொப்பரையா, அண்டிப்பருப்பா (முந்திரி), நெத்திலியா?

மூன்று நாள் மலையேற்றம் என்றால் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் பைக்குள் முதலில் போவது ஏத்தங்காய் உப்பேரியும் (நேந்திரங்காய் வறுவல்) அவலும்தான். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒத்துவராது. உப்பேரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, அவலில் முக்கால் பங்குக்கு மேல். சரி, இவை இரண்டையும் விட்டால் நம்மூர்க் கடைகளில் வேறு என்ன கிடைக்கும்?

முதலில் எடையைப் பார்ப்போம். ஏறி இறங்கும் ஒரு நாளுக்கு 2,500 கலோரி என்று வைத்துக்கொண்டால், அவலை மட்டும் நம்புகிறவர் நாளொன்றுக்கு 700 கிராம் சுமக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த தீனிக்கு 400 கிராம் சொச்சம் போதும். மூன்று நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ மிச்சம். அப்புறம் அடுப்பு. கேரளத்துப் போனக்காடு வழியாக 1,868 மீட்டர் அகஸ்தியர்கூடம் ஏறினாலும் சரி, நம் கன்னியாகுமரி மாவட்டக் காட்டில் அனுமதி வாங்கி நடந்தாலும் சரி, நினைத்த இடத்தில் தீ மூட்டிச் சமைக்க முடியாது. அதனால் பையைத் திறந்ததும் அப்படியே தின்ன முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸ்கள் நிறைந்த மாவட்டம் இது. அண்டிப்பருப்பைக் குறை சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனாலும் 100 கிராம் அண்டிப்பருப்பில், நார்ச்சத்தைக் கழித்த பிறகும், 27 கிராம் அளவுக்கு மாவுச்சத்து நிற்கிறது. நிலக்கடலையில் அது 8 கிராம்தான். புரதமோ 25 கிராமுக்கு மேல். விலையும் கடலைக்குத்தான் சாதகம். அண்டிப்பருப்பு ருசிக்கு ஒரு கைப்பிடி போதும். பாதாம் கணக்கில் கடலைக்குப் பக்கத்தில் வரும், ஆனால் காசு எகிறும்.

கொப்பரையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 100 கிராமில் சுமார் 660 கலோரி, 64 கிராம் கொழுப்பு. நாரைக் கழித்தால் மாவுச்சத்து 7 கிராம் தேறும். நசுங்காது, உருகாது, தனி டப்பாவும் வேண்டாம். குறை என்னவென்றால் மெல்லும்போது தாடை வலிக்கும், புரதமும் சொற்பம். பழக்கமில்லாதவர் ஒரே மூச்சில் நிறையத் தின்றால் வயிறு இளகிவிடும். வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெய் ஆட்டுவதற்கென்று வைத்திருக்கும் கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டிருக்கலாம். தின்னுவதற்கு என்று சொல்லியே கேட்டு வாங்கி, விண்டு முகர்ந்து பாருங்கள். காறல் வாடை லேசாக அடித்தாலும் வேண்டாம்.

புரதத்துக்கு நெத்திலிக் கருவாட்டை வெல்ல ஆளில்லை. நன்கு உணங்கிய நெத்திலியில் பாதிக்கு மேல் புரதம், மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். ஆனால் அப்படியே பையில் போட்டால் மண்ணும் நாற்றமும்தான் மிஞ்சும். தலையைக் கிள்ளி, தண்ணீரில் சட்டென்று அலசி, மறுபடி வெயிலில் போட வேண்டும். பிறகு இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் வறுக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதே சட்டியில் தேங்காய்த் துருவலைக் காப்பிப்பொடி நிறம் வரும்வரை வறுத்து, வற்றல் மிளகாய், துளி புளி சேர்த்து எல்லாவற்றையும் இடித்தால் சம்மந்திப்பொடி. வெங்காயம் சேர்க்காதீர்கள், ஈரம் ஏறினால் கெட்டுப்போகும். நெத்திலியும் துருவலும் பாதிக்குப் பாதி என்றால் 100 கிராமில் 30 கிராமுக்குக் குறையாத புரதம். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் என்பதால், மழை மாதங்களில் கருவாடு தொட்டால் பிசுபிசுக்கும். கோடையில் வாங்கி வைப்பதே நல்லது. வாடை வெளியே வராதபடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள், கரடி நடமாடும் காட்டில் இது முக்கியம். புறப்படும் முன் அசைவம், பிளாஸ்டிக் பற்றி அந்தந்த வனத்துறையின் விதி என்ன என்றும் கேட்டுவிடுங்கள்.

உப்புக்கண்டமும் புரதத்தில் குறைந்ததல்ல. ஆனால் பொரிக்க அடுப்பு இல்லாவிட்டால் பல்லோடு போராட வேண்டும். அவித்த முட்டை முதல் நாள் மதியத்துக்கு மட்டும். அதில் முக்கால் பங்கு தண்ணீர், நம்மூர்ப் புழுக்கத்தில் மறுநாள் வரை நம்ப முடியாது.

கடையில் விற்கும் கீட்டோ பார்கள், அதாவது மாவுச்சத்து குறைந்தது என்று விற்கும் தீனிக் கட்டிகள்? சாக்லேட் பூசியது அடிவாரத்திலேயே உருகிவிடும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதிவிட்டுப் பேரீச்சம்பழக் கூழைச் சேர்த்திருப்பார்கள். பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்குக் கடலை நிறையவே வரும். புரதப்பொடி பரவாயில்லை, ஆனால் கலக்கிய பாட்டிலை அன்றே கழுவாவிட்டால் நாற்றம் தாங்காது.

கொழுப்பில் நெய்யா தேங்காயெண்ணெயா என்றால் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய கழுத்துக் குப்பியில் கொண்டுபோனால் காலைக் குளிரில் வெளியே வராது, வாயகன்ற டப்பாவில் கரண்டியோடு கொண்டுபோங்கள்.

என் கணக்கில் ஒரு நாளைக்கு நிலக்கடலை 120 கிராம், கொப்பரை 100, சம்மந்திப்பொடி 100, நெய் 45, அண்டிப்பருப்பு 30. மொத்தம் 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 2,400 கலோரி கிட்டே, மாவுச்சத்து 30 கிராம் சுற்றி. கனத்த ஏற்றம் உள்ள நாளில் கடலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சாப்பாட்டு முறையை மலையில் வைத்துத் தொடங்கக் கூடாது. மாவுச்சத்தைக் குறைத்த முதல் நாட்களில் உடம்பு நீரையும் உப்பையும் வெளியே தள்ளும், தலைவலியும் சோர்வும் வரும். சில வாரம் முன்பே பழகிக்கொண்டு, மலையில் உப்பும் தண்ணீரும் தாராளமாக எடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. மற்றவர்களும் ஒரு துண்டு கருப்பட்டியைப் பையின் ஓரத்தில் போட்டுவையுங்கள். கூட வருகிறவர் யாருக்காவது சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் கொப்பரை உதவாது, கருப்பட்டிதான் உதவும்.