குரோஷே பொம்மை பேட்டர்ன் வாங்குகிறீர்களா? படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

குரோஷே பொம்மைக்கு, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பொம்மைக்கு, பேட்டர்ன் (எப்படிப் பின்னுவது என்ற குறிப்பு) விலைக்கு வாங்குகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். பின்னவே முடியாத பொம்மையின் படத்தைக் காட்டி, கணக்கே வராத பிடிஎஃப்பை விற்கிறார்கள். நான் வாங்கியது ஒரு முயல்குட்டி. உள்ளங்கை அளவு, தலையில் குல்லா, கழுத்தில் மஃப்ளர், தோளில் பக்கிள் வைத்த குட்டிப் பை, காலில் லேஸ் கட்டிய பூட்ஸ். அந்தப் பைக்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

தலை ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் வந்தது. ஆரம்ப நூல் வளையமான மேஜிக் ரிங்கில் 6 தையல், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24. ஐந்தாவது சுற்றுக்கு, '3 சிங்கிள் குரோஷே, 1 இன்கிரீஸ், இப்படி 6 முறை' என்று போட்டு, மொத்தம் 32 என்றிருந்தது. சிங்கிள் குரோஷே என்பது சாதாரணத் தையல், இன்கிரீஸ் என்பது ஒரே தையலில் இரண்டு போட்டு ஒன்றைக் கூட்டுவது. ஆறு இன்கிரீஸ் போட்டால் 24 எப்படி 32 ஆகும்? 30தான் வரும். சரி, அச்சுப்பிழை என்று 30ஐ வைத்துத் தொடர்ந்தால், அடுத்த சுற்று 32 இருப்பதாக நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு தையல் இடிக்கிறது.

அதைவிட வேடிக்கை கண். தலைக்குப் பஞ்சு அடைத்து, ஓட்டையை மூடி, நூலையும் வெட்டச் சொல்லிவிட்டு, 'இப்போது சேஃப்டி கண்களைப் பொருத்தவும்' என்று ஒரு வரி. அந்தப் பிளாஸ்டிக் கண்ணின் தண்டில் உள்பக்கமிருந்து வாஷரை அழுத்தினால்தான் பிடிக்கும். மூடிய தலைக்குள் விரலை எங்கே விடுவது? இதை எழுதியவர் ஒரு பொம்மைகூடப் பின்னியதில்லை என்பது அங்கேதான் புரிந்தது.

குல்லாவின் சுற்றளவு 24 தையல், தலையின் சுற்றளவு 36. குல்லா காதுகளுக்கு நடுவே மூடி மாதிரி உட்கார்ந்துகொண்டது. பைக்கு, 'சிறிய பை ஒன்று பின்னித் தோளில் தைக்கவும்'. எப்படிப் பின்னுவது என்பதற்கு அவ்வளவுதான் விளக்கம்!

அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஃப்ளர் குரோஷேயே இல்லை, இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங் மாதிரி இருக்கிறது. அதன் ஓரம் அப்படியே பையின் வாரோடு கலந்துவிடுகிறது. லேஸ் எந்தத் துளையிலும் நுழையாமல் பூட்ஸுக்குள் மறைகிறது. ஏஐ வரைந்த படம், வேறென்ன.

விற்றவரிடம் கேட்டால், 'நீங்கள் நூலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள்' என்று பதில். இறுக்கிப் பின்னினால் பொம்மை சின்னதாகும், தையல் எண்ணிக்கை மாறாது. முயலின் பின்பக்கப் படம் கேட்டேன், அதே முன்பக்கப் படத்தையே திரும்ப அனுப்பினார். பணத்தைக் கேட்டதும், 'டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது' என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார்.

உண்மையில் பின்னி விற்பவர்களிடம் பக்கவாட்டு, பின்பக்கப் படங்கள் இருக்கும். பாதி பின்னிய காலோ, தைக்காத காதோ எங்காவது தெரியும். பேட்டர்னை டெஸ்ட் செய்து பார்த்தவர்கள் வேறு நிறத்தில் பின்னிய படங்களும் கிடைக்கும். அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். 'சூப்பர், அழகு' என்று படமில்லாமல் வரும் ஐந்து நட்சத்திரங்களை நான் இனி மதிப்பதாக இல்லை. வாங்கியவுடனே போட்டவையாகத்தான் இருக்கும் அவை, பின்னிப் பார்த்துப் போட்டவையாகத் தெரியவில்லை.

இன்னொன்று. இந்த பேட்டர்ன் பையின் பக்கிளுக்கு ஒரு பாசிமணியைப் பசை வைத்து ஒட்டச் சொல்கிறது, பச்சிளம் குழந்தைக்கு ஏற்ற பரிசு என்றும் போட்டிருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அப்படி எதையும் கொடுக்காதீர்கள், பிய்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். சேஃப்டி கண்கூட வேண்டாம், நூலால் எம்பிராய்டரி போட்டுவிடுங்கள்.

விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 24, 32 என்று வந்த அந்தப் பக்கத்தையும், ஐந்தாவது சுற்றுவரை மறுபடி பின்னி 30 தையலோடு நிறுத்திய தலையையும் படமெடுத்து இணைத்தேன். தளத்தின் வழியாகப் பணம் கட்டியதால்தான் இதுவாவது முடிந்தது, நேரடியாக அனுப்பியிருந்தால் கேட்க ஆளில்லை. கடை இன்னும் திறந்தே இருக்கிறது. முயலை எடுத்துவிட்டு இப்போது ஒரு நரிக்குட்டியைப் போட்டிருக்கிறார்கள். வாங்க நினைப்பவர்கள் முதலில் அதன் வாலைப் பின்பக்கமிருந்து காட்டச் சொல்லுங்கள்.