கீவாவை எப்படி எழுதுவது? அயர்லாந்துக்கு வெளியே ஓர் ஐரிஷ் பெயர்

என் கணவர் அயர்லாந்தின் மேயோ பகுதிக்காரர், நான் மதுரைக்காரி, குடியிருப்பது இங்கிலாந்தில், பர்மிங்காமில். மகளுக்கு முதல் பெயர் ஐரிஷ், நடுப்பெயர் தமிழ் என்று முன்பே பேசி முடித்துவிட்டோம். இழுபறியெல்லாம் எந்த ஐரிஷ் பெயர், அதை எப்படி எழுதுவது என்பதில்தான். இங்கே பிறப்பை 42 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் ரொம்ப நாள் இழுக்கவும் முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ் குடும்பங்கள் மூன்று வழியில் ஒன்றைப் பிடிக்கின்றன. யாரும் திக்காமல் படிக்கிற பெயராகப் பார்த்து வைப்பது ஒன்று. ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தை ஆங்கிலப்படுத்துவது இன்னொன்று. படிப்பவர் பாடு என்று அசல் ஐரிஷ் எழுத்துக்கூட்டலையே வைப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம். அதனால் இதை நடுநிலையான அலசலாக எண்ணிப் படிக்க வேண்டாம்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லியம், நோரா, ஃபின், ரோரி. எழுதுவதில் தொல்லையில்லை, கூப்பிடுவதிலும் இல்லை. ஆனால் லியம் 2017 முதல் அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படும் பெயராகிவிட்டது. அதைக் கேட்டு அயர்லாந்தை நினைப்பவர் இனி குறைவு. அது பரவாயில்லை என்பவர்களுக்கு இந்த வழி போதும். கொஞ்சம் ஐரிஷ் வாசனையும் வேண்டும் என்றால் மேவ் நல்ல பெயர். கொனாக்ட் நாட்டுப் பழங்கதை ராணியின் பெயர் அது. ஸ்லைகோவில் நாக்நரே மலை உச்சியில் இருக்கும் பெரிய கற்குவியலை அவளுடைய சமாதி என்கிறார்கள். யூரோ வருவதற்கு முன்பு ஒரு பவுண்டு நோட்டிலும் அவள் முகம் இருந்தது. கொலீன் மட்டும் வேண்டாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு காலத்தில் ஆசையாக வைத்தார்கள், ஆனால் அயர்லாந்தில் அதைப் பெயராக அநேகமாக யாரும் வைப்பதில்லை.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

எங்கள் மகள் பெயர் கீவா. ஐரிஷில் அதன் எழுத்து: சி, ஏ, ஓ, ஐ, எம், ஹெச், ஈ. முதல் தடவை பார்க்கிறவர் "கயோயிம்" என்பார், "கோமி" என்பார், சிலர் எழுத்தைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். இதை மறைக்க முடியாது. நீவ் என்பதை நியாம் என்றும், ஷிவானை சியோபன் என்றும், ஈஃபாவை அயோஃபி என்றும் படிப்பார்கள். ஆனால் ஐரிஷ் எழுத்து அப்படியொன்றும் கண்டபடி எழுதப்பட்டதல்ல. அதற்குக் கறாரான விதிகள் உண்டு. எம் (M) அல்லது பி-க்குப் (B) பக்கத்தில் ஹெச் வந்தால் பெரும்பாலும் 'வ' ஒலி. பழைய ஐரிஷ் அச்சில் அந்த இடத்தில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளிதான் இருந்தது. ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி போய் ஹெச் வந்தது. இந்த ஒரு விதி தெரிந்தால் நீவ், கீவா, ஷிவான் மூன்றும் பிடிபட்டுவிடும். கனிமொழியின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இஸட்டும் ஹெச்சும் போடுகிறோமே, அதே மாதிரி ஏற்பாடுதான். தெரியாதவருக்கு விசித்திரம், தெரிந்தவருக்குச் சாதாரணம்.

தவறாகப் படிப்பார்கள் என்பதோடு பலர் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சின்னச் செலவு, ஒரு ஆளுக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். பெரிய செலவு பெயரை எழுதுவதில் இருக்கிறது. அது வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

கீவாவை ஆங்கிலப்படுத்தி எழுத உட்கார்ந்து பாருங்கள். கே போட்டு இரண்டு ஈ போடலாம். ஒரே ஒரு ஈ போடலாம். ஐ போடலாம், ஐ-யும் ஈ-யும் சேர்த்தும் போடலாம். இத்தனையும் புழக்கத்தில் இருக்கின்றன. எதுவும் தவறில்லை, அதனால் எதுவும் சரியுமில்லை. தொலைபேசியில் பெயர் சொன்னால் எப்படியும் எழுத்தெழுத்தாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். சுலபத்துக்காக மாற்றிய எழுத்தே அந்தச் சுலபத்தைத் தராவிட்டால் எதற்கு மாற்றுவது? அசல் எழுத்து ஏழும் நீளம்தான், ஆனால் அது ஒன்றே ஒன்று. எங்கள் மகளுக்கு இங்கிலாந்தின் பிறப்புச் சான்றிதழ், அயர்லாந்தின் பாஸ்போர்ட், இந்தியாவின் ஓசிஐ அட்டை என்று மூன்று நாட்டுக் காகிதம். மூன்றிலும் ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். "எந்தக் கீவா?" என்ற கேள்விக்கே இடமில்லாத எழுத்து எனக்கு நிம்மதி.

இன்னொன்று. ஆங்கிலப்படுத்திய எழுத்து ஆங்கிலம் படிப்பவருக்கு மட்டும்தான் உதவும். இரண்டு ஈ போட்ட கீவா ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கேவா ஆகிவிடுவாள், ஏனென்றால் அங்கே இரண்டு ஈ சேர்ந்தால் 'ஏ'. நீவ் என்பதை ஆங்கில வழியில் எழுதிக்கொண்டு இத்தாலிக்குப் போனால் நேவே. பிள்ளைகள் எந்த ஊரில் வேலை பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அயர்லாந்துக்குள்ளேயே வடக்கு அல்ஸ்டர் பக்கம் இதே பெயரைக் க்வீவா என்பார்கள். அசல் எழுத்து இரண்டு உச்சரிப்புக்கும் இடம் தருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடும். எழுத்தை மாற்றாவிட்டாலும் ஒலி போய்விடும் ஆபத்து உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்லின் என்ற பெயர் ஐரிஷில் ஏறத்தாழ கட்லீன். அமெரிக்கர்கள் எழுத்தைப் பார்த்துக் கேட்லின் என்று படித்தார்கள், அப்புறம் அந்த ஒலிக்குத் தகுந்தபடி சி-யைக் கே ஆக்கி, ஐ-யை ஒய் ஆக்கி, விதவிதமாக எழுதித் தள்ளினார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத ஊரில் அசல் எழுத்தும் காப்பாற்றாது.

பழைய கதையும் என் மனதில் இருந்தது. அயர்லாந்தில் 1864-இல் எல்லாப் பிறப்புகளையும் பதிவு செய்யும் முறை வந்தபோது பதிவேடு ஆங்கிலத்தில். வீட்டில் டைக் என்று கூப்பிட்ட பிள்ளை காகிதத்தில் திமோதி ஆனான், டியர்முட் ஜெரமையா ஆனான். ஒலிகூட மிஞ்சவில்லை. அந்தக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்த மாமியார் எங்கள் முடிவில் தலையிடவே இல்லை, ஆனால் ஏழு எழுத்தையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மதுரையில் அம்மாவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. தமிழில் 'கீவா' என்று எழுதி அனுப்பினேன், முதல் தடவையே மாமியார் சொல்வது போலவே கூப்பிட்டார்.

அசல் எழுத்துக்கே போகிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃபாடா, அதாவது உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோடு. ஷிவான், ரோஷீன், ஷினேட் எல்லாவற்றிலும் உண்டு. பாஸ்போர்ட்டில் இயந்திரம் படிக்கிற அந்த இரண்டு வரியில் சாய்கோட்டுக்கு இடம் கிடையாது, உலகம் முழுக்க அதே விதி. கலிஃபோர்னியாவில் பல வருடங்கள் பிறப்புச் சான்றிதழிலேயே போட மறுத்தார்கள். நீவ், ஈஃபா, கீவா, சர்ஷா ஆகியவற்றுக்கு ஃபாடா கிடையாது. எங்கள் பட்டியல் ஐந்து பெயரிலிருந்து இரண்டாகக் குறைந்தது இதனால்தான்.

ஊரும் கணக்கில் வரும். பர்மிங்காம், லிவர்பூல், மான்செஸ்டர் மூன்றிலும் ஐரிஷ் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. இங்கே ஆசிரியர்கள் நீவையும் ஷிவானையும் முன்பே பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் நடிகை சர்ஷா ரோனன் பேட்டிக்குப் பேட்டி தன் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, அவர் பிறந்ததே நியூயார்க்கில் என்றாலும். அந்த விளம்பரத்தால் லாபம் அசல் எழுத்துக்குத்தான். ஆனால் ஐரிஷ்காரர்களே இல்லாத ஓர் அமெரிக்கச் சிற்றூரில் நான் பிள்ளை வளர்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் என் வாதத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

பையன் பெயரிலும் எனக்கு அனுபவம் போதாது. பையன் பிறந்திருந்தால் டைக் என்று வைக்கக் கணவருக்கு ஆசை. டி, ஏ, டி, ஹெச், ஜி (Tadhg). நான் ஃபின் பக்கம் சாய்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன், அதுவும் நடுவில் ஓ போட்டு, கடைசியில் இரண்டு என் போட்டு, ஐரிஷ் எழுத்தில்.