மூட்டுவலிக்கு எது: சமையல் மஞ்சளா, குர்குமின் கேப்ஸ்யூலா?

முட்டி வலிக்க ஆரம்பித்ததும் ஆளாளுக்கு குர்குமின் (மஞ்சளில் இருக்கும் ஒரு பொருள்) கேப்ஸ்யூல் வாங்கச் சொன்னார்கள். நான் சமையல் மஞ்சளோடு நின்றுகொண்டேன். விலை, ருசி எல்லாம் தெரிந்த கதை, விடுங்கள்.

குர்குமின் அழற்சியை, அதாவது வீக்கத்தையும் வலியையும், அடக்கும் என்று கேப்ஸ்யூலுக்காகச் சொல்லப்படும் அறிவியல் பொய்யில்லை. செல்லுக்குள் என்எஃப்-கப்பா பி என்றொரு புரதம் இன்னொரு புரதத்தின் பிடியில் சும்மா கிடக்கும். காயமோ கிருமியோ வந்தால் ஐகேகே என்ற நொதி அந்தப் பிடியை விடுவிக்கும். உடனே அது உட்கருவுக்குள் போய் அழற்சிக்கான மரபணுக்களைக் கிளப்பிவிடும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் குர்குமின் இதைத் தடுப்பது 1995லேயே தெரிந்துவிட்டது.

அந்தச் செல்களின் மேல் குர்குமினை நேராகவே ஊற்றலாம். விழுங்கினால்தான் சிக்கல். குடலில் சரியாக உறிஞ்சப்படாது; உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடல்சுவரும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அநேகமாக ஒன்றுமே தெரியவில்லை. மிளகில் இருக்கும் பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்ததும் 20 மடங்கு ஏறியது. பல கேப்ஸ்யூல்களில் பைப்பரின் இருப்பது இதனால்தான்.

எனக்கு உறுத்தியதும் அதுதான். கழிவை வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை முடக்கித்தான் பைப்பரின் இதைச் சாதிக்கிறது. குர்குமினுக்கு மட்டும் முடக்கு, மற்றதை விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல முடியாது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் அளவும் ரத்தத்தில் கூடும். 2019ல் இத்தாலியில் மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சியே வந்தது.

ரசத்திலும் மிளகு உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூனுக்கு 100 மில்லிகிராம்கூடத் தேறாது. அதனால் மஞ்சள் பால் என் அழற்சியை அடக்கும் என்று நான் நம்பவில்லை. பிடிக்கும், குடிக்கிறேன்.

கேப்ஸ்யூலுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2014ல் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்த நான்கு வார ஆய்வில், மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சத்து, ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரைக்குச் சமமாக வலியைக் குறைத்தது. நான் கேப்ஸ்யூல் சாப்பிட்டுப் பார்த்தவனில்லை. வலி குறைகிறதா என்பதைச் சாப்பிட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். வாங்குவதென்றால் லேபிளில் பைப்பரின் இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே வேறு மருந்து ஓடுகிறதென்றால் டப்பாவையே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.