இடுப்பு வலிக்கு நோயாளிக் கல்வி: துண்டுப் பிரசுரமா, ஓபி அறிவுரையா, குழு வகுப்பா?

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமக்கும் பெண்ணுக்கும், பண்ருட்டிப் பக்கம் தரையில் அமர்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கும் இடுப்பு வலி வந்தால் கிடைப்பவை பெரும்பாலும் ஊசியும் மாத்திரையும், அவற்றோடு ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்ற ஒரு வரியும்தான். கெடுதலில் அந்த வரி வலியையே மிஞ்சும். ஏனெனில் பத்தில் ஒன்பது பேருக்கு, எக்ஸ்ரேயில் சுட்டிக்காட்டும்படியான காரணம் எதுவும் இருப்பதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வலியைப் பற்றி நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் கல்வியும் உடற்பயிற்சியும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இடுப்பு பெல்ட் வேண்டாம் என்று சொல்லப்பட்டுள்ளது. அந்தக் கல்வி கூலிக்காரர் வீடுவரை எந்த வழியில் போய்ச் சேரும் என்பதையே இங்கு ஒப்பிடுகிறேன்.

துண்டுப் பிரசுரத்துக்குச் செலவு குறைவு. அதன் சிறப்பு அவ்வளவே. நான் பார்த்த ஒன்றில் பேண்ட்டும் ஷூவும் அணிந்த ஓர் ஆண் முழங்காலை மடக்கி அட்டைப்பெட்டியைத் தூக்குகிறார். சேலை கட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்டும் கூடையை இன்னொருத்தியின் கைத்தாங்கலோடு தலைச் சும்மாட்டில் ஏற்றும் பெண்ணுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. தவிர, தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் வலி வராமல் தடுக்கலாம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவும் இல்லை.

ஓபி அறிவுரைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அது போதாது என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் வலி புதிதாகத் தொடங்கிய 202 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தலா ஒரு மணி நேரம் என இருமுறை விரிவாகப் பாடம் நடத்தியும், பாடம் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்டதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே புதிய வலிக்கு, ‘பயப்பட வேண்டாம், படுத்துவிட வேண்டாம், முடிந்த அளவு நடமாடுங்கள்’ என்ற இரண்டு நிமிடப் பேச்சே தகும். ‘ஒரு மாதம் ஓய்வெடுங்கள்’ என்பது மருத்துவமாகவும் தவறு. தினக்கூலி வாங்குபவரிடம் சொல்வது கொடுமையும்கூட.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலியின் கதை வேறு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வருமானம் குறைந்தோருக்கான மருத்துவ நிலையங்களில், நாள்பட்ட வலியுள்ள 290 பேரிடம் நடந்து அதே ஆண்டு வெளியான ஆய்வு நமக்கு நெருக்கமானது. எழுத்தறிவு குறைந்தவர்களுக்கும் புரியும்படி எளிமையாக்கிய உளவியல் பயிற்சி ஒரு குழுவுக்கும், வலியைப் பற்றிய எளிய கல்வி மற்றொரு குழுவுக்கும், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரமாகப் பத்து வாரங்கள் தரப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இரு குழுவினருக்கும் வலி குறைந்தது. ஆறு மாதம் கழித்தும் வலியில் அந்த முன்னேற்றம் எளிய கல்விக் குழுவில்தான் நிலைத்தது. உடல் இயக்கத்திலோ இரு குழுவினரும் முன்னேற்றத்தைத் தக்கவைத்தனர். உளவியலாளர் கிடைக்காத ஊரிலும், பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியரைக் கொண்டு இப்படியொரு வகுப்பைத் தொடங்கலாம் என்ற நம்பிக்கையை அது எனக்குத் தருகிறது.

பத்து வாரம் வருவார்களா என்பதுதான் சிக்கல். பகலில் மருத்துவமனைக்கு அழைத்தால் அரைநாள் கூலி போகும், வர மாட்டார்கள். மகளிர் சுயஉதவிக் குழு கூடும் மாலையில், கூடும் இடத்திலேயே நடத்தினால் வருவார்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரே வீட்டுக்கு வருகிறார். நடக்க முடியாதவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வீடு வீடாகப் போனால் பக்கத்து வீட்டுக்காரி தேறிய கதையைக் கேட்கும் வாய்ப்பு போய்விடும். எல்லைக்கு அப்பால் புதுவையின் பாகூரில் அந்தத் திட்டமும் இல்லை.

எனவே புதிய வலிக்கு ஓபிப் பேச்சையும், மூன்று மாதம் தாண்டிய வலிக்கு மாலைநேரக் குழுவையுமே தேர்ந்தெடுப்பேன். பிரசுரம் வேண்டுமானால் அதில் ஆபத்து அறிகுறிகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடலாம்: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், தொடையிடுக்கு மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் வரும் வலி. கடைசியாகச் சொன்னது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கக்கூடும். முதல் இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.