'பழைய வீட்டுத் தூண்' என்று சொன்னால் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீட்டைக் கிராமத்து வீடு மாதிரி அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்ணைக்கு நாலு மரத்தூண், கூடத்துக்கு ஊஞ்சல், தாழ்வாரத்துக்கு ஆத்தங்குடி கல் (பூப்போட்ட சிமெண்டுத் தளக் கல்). மொத்தம் 1,68,000 ரூபாய் பேசி, 1,50,000 வரைக்கும் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில். 2011 டிசம்பர் 30, தானே புயல் அன்றைக்குத் தோட்டத்துப் பலா மரம் கூரை மேல் சாய்ந்து வீட்டின் முன்பாதி போய்விட்டது. அப்புறம் மாமா இடத்தையே விற்றுவிட்டார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வீடு கட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "வாசல்ல திண்ணையும் நாலு தூணும் இருந்தா போதும்டி."

இன்ஸ்டாகிராமில் வீடியோ பார்த்துத்தான் போனோம். புதுச்சேரியில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரம் ஒரு பெரிய ஷெட். காரைக்குடியில் இடித்த வீடுகளின் சாமான், பர்மா தேக்கு, நூறு வருஷத்து மரம் என்றார் கடைக்காரர். நன்றாகப் பேசினார். டீ வாங்கிக் கொடுத்து, "உங்க ஊர் வீடு எப்படி இருக்கும்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். தூணின் பருமன், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையில் இருந்த வாழைப்பூ வேலைப்பாடு, புயல், விழுந்த பலா மரம், ஒன்று விடாமல்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். "அம்மா, உங்க அதிர்ஷ்டம். பண்ருட்டிப் பக்கம் தானே புயல்ல விழுந்த ஒரு வீட்டுத் தூண் நாலு வந்திருக்கு. அதே வாழைப்பூ."

அம்மா போய் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்று அந்த இடத்திலேயே 80,000 ரூபாயை ஜிபே செய்தேன். நாம் சொன்ன கதையையே அவர் நமக்கு விற்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பணம் போனதைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை.

தூண் வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எட்டடித் தேக்குத் தூணை இரண்டு பையன்கள் தோளில் போட்டுக்கொண்டு சாதாரணமாக நடந்து வந்தார்கள். ஆத்தங்குடி கல்லும் அன்றைக்கே வந்தது, அட்டைப்பெட்டி இல்லாமல் வைக்கோல் சுற்றி. நான் ஆபீஸில் இருந்த நேரம் கொத்தனார் பாதித் தாழ்வாரத்துக்குப் பதித்து முடித்துவிட்டார். மீதியை 70,000 வரைக்கும் அன்று சாயங்காலமே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது மாதம் பிரச்சினை ஆரம்பித்தது. தினமும் காலையில் தூணின் அடியில் கொஞ்சம் மாவு. சலித்த மாவு மாதிரி அவ்வளவு நைஸ், விரலில் தேய்த்தால் திரிதிரியாக இல்லாமல் பட்டாக இருக்கும். கோலமாவு சிந்தியிருக்கிறது என்று அம்மா கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூட்டி முடித்து அரைமணி நேரத்தில் மறுபடியும் விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் தூணில் குண்டூசி குத்திய மாதிரி நிறைய ஓட்டைகள்.

திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எங்களுக்குப் பழக்கமான ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார். உளியை எடுத்து அடிப்பக்கம் ஒரு சீவு சீவினார். மேலே இருந்த கறுப்பு நகக்கனம்கூட இல்லை. உள்ளே வெளேர் என்று மரம். "பெரியம்மா, இது ஸ்டெயின் அடிச்ச புது மரம். இந்த மாவு தள்ளுற வண்டு புது மரத்துல இருக்கிற சத்தைத் தின்னத்தான் வரும். நூறு வருஷம் வைரம் பாஞ்ச தேக்கை அது தொடாது" என்றார். போதிகை சேரும் இடத்தில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்திருந்த இடத்தைக் குத்தி எடுத்தார். உள்ளே பளபளவென்று ஸ்டார் ஸ்க்ரூ. அம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அப்புறம்தான் மிச்சமிருந்த கற்களைத் திருப்பிப் பார்த்தேன். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர்ச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு எடுப்பார்கள். சூளையில் வைப்பதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவதுதான். அதனால் பின்பக்கம் சொரசொரப்பான சாம்பல் நிறச் சிமெண்டாக இருக்கும், கனமாகவும் இருக்கும், ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் பூ கொஞ்சமாவது மாறும். எங்களுக்கு வந்ததன் பின்பக்கம் மெஷினில் அழுத்திய கட்டம் கட்டமான கோடுகள். மேலே இருப்பது பிரிண்ட். எல்லாக் கல்லிலும் ஒரே இடத்தில் ஒரே சின்னப் புள்ளி.

ஊஞ்சல் பலகை மட்டும் பரவாயில்லை. அதன் சங்கிலி 'பித்தளை' என்று சொன்னது. கடல் காற்றில் இரண்டே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது.

போன் செய்தபோது, "பழைய மரம்னா கொஞ்சம் உளுக்கத்தான் செய்யும் மேடம், மண்ணெண்ணெய் அடிங்க" என்றார். ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டதும் வைத்துவிட்டார், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நேரில் போனால் பில் கொண்டு வாங்க என்றார்கள். எங்கள் கையில் இருப்பது 'மரச் சாமான், தளக் கல்' என்று எழுதிய துண்டுச் சீட்டு. மரத்தின் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. கேட்டு வாங்காதது என் தப்பு. பர்மா தேக்கு என்றால் பர்மா தேக்கு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போங்கள், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். நிஜமாகவே பழைய மரம் விற்பவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடை புதுச்சேரி, வீடு கடலூர். புகாருக்குப் புதுச்சேரிக்குத்தான் அலைய வேண்டுமோ என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டோம். தேவையில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தோம், அதில் தீரவில்லை. இப்போது கடலூரில் கொடுத்திருக்கிறோம். ஜிபே ரசீது, வாட்ஸப்பில் அவர் அனுப்பிய 'பர்மா தேக்கு' வாய்ஸ் மெசேஜ், ஆசாரி சீவியபோது எடுத்த வீடியோ இவைதான் ஆதாரம். வாய்ஸ் மெசேஜை நல்லவேளையாக அழிக்காமல் வைத்திருந்தேன்.

தூண்கள் இப்போது மதிலோரம் தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. ஆசாரி பலா மரத்தில் புதிதாகச் செய்து தருகிறேன் என்றிருக்கிறார். பண்ருட்டி மரம்தான், புதுசு என்று சொல்லியே தருகிறார். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அந்த ஆள் இன்றைக்கும் எங்கள் திண்ணையின் வீடியோவைப் போட்டுத்தான் வியாபாரம் செய்கிறார். ஈசிஆர் பக்கம் யாராவது இப்படித் தூண் வாங்கியிருந்தால் இன்றைக்கே அதன் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் கட்டில், அலமாரியை விட்டுத் தூரமாக வெளியே தள்ளுங்கள், ஓட்டைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள், மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.